பலகையில் கடைசிப் பெயர்

சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்து வேலை தொடங்கிய நாளில் கஜந்தி அந்தப் பலகையைச் சுவரில் மாட்டினாள். இடப்பக்கத்தில் முப்பத்திரண்டு பெண்களின் பெயர்கள். வலப்பக்கத்தில் ஒவ்வொருவரும் அன்றைக்குப் பிரித்தெடுத்த நண்டுச் சதையின் கிலோ. கூடச் செய்தவரின் பெயர் மேலே, குறையச் செய்தவரின் பெயர் கீழே. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு அவளே அழித்து அவளே எழுதுவாள். மாதக் கடைசியில் முதலாவதாக நிற்பவருக்கு ஒரு பரிசும் எல்லோருடைய கைதட்டலும் கிடைக்கும்.

உட்துறைமுக வீதியில் இருந்த அந்த இடத்தைத் திருகோணமலையில் நண்டுக் கொம்பனி என்றுதான் சொல்வார்கள். விடிய வருகிற நண்டை அவித்து, ஆறவைத்து, ஓட்டிலிருந்து சதையைப் பிரித்து, பிளாஸ்டிக் கிண்ணங்களில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது வெளிநாட்டுக்குப் போகும். அவிப்பதற்கும் குளிராக்குவதற்கும் மெசின் இருந்தது. சதை பிரிப்பது மட்டும் முழுக்கக் கைவேலை.

கஜந்திக்கு முப்பத்தாறு வயது. அன்புவழிபுரத்துப் பிள்ளை. கட்டுநாயக்காவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் இருந்து, தையல் மெசினில் தொடங்கி சுப்பர்வைசராக வந்தவள். பலகை அங்கே கற்றுக்கொண்டது. அங்கே ஒருமுறை தன் பெயர் முதலாவதாக வந்தபோது அன்று முழுக்க அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை. அந்தச் சந்தோசத்தை இந்தப் பெண்களுக்கும் கொடுக்கவேண்டும் என்று அவள் உண்மையாகவே நினைத்தாள்.

அவளை மனேச்சராக எடுத்த முதலாளி இரத்தினசிங்கம் அதிகம் கதைக்காத மனிதர். "உமக்குத் தெரிஞ்ச மாதிரிச் செய்யும் பிள்ளை. சாமான் கூடினாச் சரி," என்று மட்டும் சொன்னார்.

சாமான் கூடியது. முதல் மாதமே கிண்ணங்கள் முன்னையைவிட அதிகமாக நிரம்பின. பிரியதர்சினி என்ற இருபத்தைந்து வயதுப் பெண் முதலாவதாக வந்தாள். கடற்கரைப் பக்கமிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவள். கத்தி அவளுடைய கையில் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். பரிசு வாங்கும்போது அவளுடைய முகம் பூரித்ததைப் பார்த்துக் கஜந்திக்கும் நெஞ்சு நிறைந்தது.

மேலே பெயர்கள் மாறி மாறி வந்தன. கடைசிப் பெயர் மட்டும் மாறவேயில்லை. ஸுல்பிகா.

ஸுல்பிகா கிண்ணியாவிலிருந்து வருகிறவர். வயது நாற்பத்தெட்டு. நண்டுக் கொம்பனி தொடங்கிய முதல் வருடத்திலிருந்தே அங்கே இருந்தார். கிண்ணியாப் பெண்கள் அவரை அக்கா என்ற அர்த்தத்தில் ராத்தா என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களும் ராத்தா என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். இத்தனை வருட அனுபவம் உள்ள ஒருவர் நேற்று வந்த பிள்ளைகளைவிடக் குறைவாகச் செய்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான் என்று கஜந்தி முடிவு செய்தாள். வேலையில் மனம் இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவரை ஒஃபீசுக்குக் கூப்பிட்டாள்.

"ராத்தா, மூண்டு மாசமா நீங்கள்தான் கடைசி. உங்களுக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்ல மிஸ்."

"அப்ப ஏன் இப்பிடி?"

ஸுல்பிகா மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை.

கஜந்தி ஏற்கெனவே அடித்து வைத்திருந்த எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினாள். ஸுல்பிகா அதை வாசித்தார். ஏப்ரனைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, கடிதத்தையும் அதற்கு மேல் வைத்தார்.

"நான் வாறன் மிஸ்," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அவர் போய் மூன்றாம் கிழமை கொழும்பிலிருந்து லொறி திரும்பி வந்தது. அனுப்பிய கிண்ணங்களில் அரைவாசி வாங்கப்படாமல் அப்படியே உள்ளே இருந்தன. சதைக்குள் ஓட்டுத்துண்டுகள். அரிசிக் குறுணியளவு துண்டுகள்தான். ஆனால் சாப்பிடுகிற ஒருவரின் தொண்டையில் குத்தினால் போதும், கதை முடிந்தது. வாங்குகிற கொம்பனி எழுதியிருந்தது: இன்னொருமுறை இப்படி வந்தால் வேறு இடம் பார்ப்போம்.

இரத்தினசிங்கம் குளிர் அறை வாசலில் நின்று ஒரு கிண்ணத்தைத் திறந்து, சதையை விரலால் அளைந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"எட்டு வருசமா இப்பிடி ஒண்டு வந்ததில்லைப் பிள்ளை."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கஜந்திக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டினாள். யாருடைய கிண்ணம், யாருடைய மேசை என்று கேட்டாள். கடைசியில் பிரியதர்சினி எழும்பினாள்.

"மிஸ், யாற்ற பிழை எண்டு கேக்கிறீங்கள். முந்தி ஏன் இந்தப் பிழை வரேல்லை எண்டு கேளுங்கோ."

"சரி, ஏன் வரேல்லை?"

"ராத்தா இருந்தவ. நாங்கள் கிண்ணத்தை மூடமுதல் அவவிட்ட தள்ளி விடுவம். அவ ஒருக்கா விரலால தடவிப் பார்ப்பா. கண்ணுக்குத் தெரியாத ஓடும் அவவின்ர விரலுக்குத் தெரியும்." அவளுடைய குரல் இறங்கியது. "என்ர கிண்ணத்தையும் பார்த்திருக்கிறா. நான் முதலாவதா வந்த மாசமும் பார்த்தவ."

கஜந்தி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஸுல்பிகா தன் வேலையைக் கால்வாசி நேரமும் மற்றவர்களின் வேலையை முக்கால்வாசி நேரமும் செய்திருக்கிறார். அவளுடைய பலகை அந்தக் கால்வாசியை மட்டும் நிறுத்துப் பார்த்து, மூன்று மாதமாக எல்லோருக்கும் முன்னால் அவருடைய பெயரைக் கடைசியில் எழுதி வந்திருக்கிறது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனாள். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். ஸுல்பிகா முற்றத்தில் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

"வாங்க மிஸ், இரிங்க," என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். முகத்தில் கோபம் இல்லை. தேத்தண்ணி வந்தது. கஜந்தி அதைத் தொடாமல், வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள்.

"ராத்தா, என்னை மன்னிக்கவேணும்."

"எதுக்கு?"

"கடிதம் தந்ததுக்கு."

ஸுல்பிகா தலையை ஆட்டினார். "கடிதம் குடுக்கிறது உங்கட வேலைதானே. நான் ஏன் குறையச் செய்யிறன் எண்டு ஒருநாளாவது மேசைக்கு வந்து பார்த்தீங்களா?"

"இல்லை."

"அதுதான் எனக்கு மனவருத்தம்."

கஜந்தி கோப்பையைக் கையில் எடுத்தாள். சூடு விரலில் சுட்டது.

"நீங்கள் ஏன் அண்டைக்கே சொல்லேல்லை? ஒஃபீசில கேட்டனான் தானே."

"சொன்னா நல்லம்மாவை நிப்பாட்டியிருப்பீங்க."

கஜந்திக்கு விளங்கவில்லை. ஸுல்பிகா சொன்னார். அவருக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்கிற நல்லம்மாவுக்கு ஒரு வருடமாகக் கண் பார்வை மங்கல். நண்டை மூக்குவரைக்கும் தூக்கிப் பார்த்துத்தான் பிரிப்பார். தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து யாருக்கும் சொல்லவில்லை. அவருடைய கிண்ணத்தை முழுக்கவும் ஸுல்பிகாதான் திருப்பிப் பார்க்கவேண்டியிருந்தது.

நான் அப்படி நிறுத்தியிருக்கமாட்டேன் என்று சொல்லக் கஜந்தி வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. சித்திரையில் இருந்த கஜந்தி கட்டாயம் நிறுத்தியிருப்பாள்.

"நீங்கள் திரும்பி வரவேணும் ராத்தா."

ஸுல்பிகா கடைசித் தட்டையும் கவிழ்த்து வைத்தார். தட்டுகளில் ஈரம் வடிந்துகொண்டிருந்தது.

"ஒரு கிழமை எங்கட மேசையில இருந்து நண்டு உடைச்சுப் பாருங்க. என்ர இடம் சும்மாதானே கிடக்கு. அதுக்குப் பிறகும் நான் வேணுமெண்டா போன்ல கோல் எடுங்க."

திங்கட்கிழமை காலை கஜந்தி தலைமுடியை வலைக்குள் கட்டி, ஏப்ரன் போட்டு, நல்லம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். இரத்தினசிங்கம் ஒஃபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உள்ளே வரவில்லை.

பத்து மணிக்குள் அவளுடைய பெருவிரல் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது. உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. நண்டுக் காலுக்குள் இருக்கிற சதையை உடையாமல் இழுப்பதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. அவள் இழுத்ததெல்லாம் பிய்ந்து வந்தது. பின்னேரம் நிறுத்துப் பார்த்தபோது அவள் பிரித்தது ஸுல்பிகா கடைசியாகச் செய்த அளவில் பாதிகூட இல்லை. குனிந்திருந்த இடுப்பை நிமிர்த்த முடியவில்லை.

"முதல் கிழமை எல்லாருக்கும் இப்பிடித்தான்," என்றார் நல்லம்மா. பிறகு, தயங்கித் தயங்கி, "மிஸ், என்ர கண்..." என்று தொடங்கினார்.

"தெரியும் நல்லம்மாக்கா. வேலை எங்கயும் போகாது. புதன்கிழமை ஆஸ்பத்திரியில கண் கிளினிக். நானும் வாறன்."

நல்லம்மா கையுறையோடு முகத்தைத் துடைக்கப் போய், நண்டுத் தண்ணீர் கண்ணில் பட்டு, சிரிப்பும் அழுகையுமாக எழும்பித் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார்.

நாலாம் நாள்தான் கஜந்தி இன்னொன்றைக் கண்டாள். ஏழு மணிக்கு நண்டுக் கூடைகள் கதவடியில் வந்து இறங்கும். முதலில் வந்தவர்கள் கதவடி மேசைகளில் இருப்பார்கள். ஆளாளுக்குக் கூடையில் கைவிட்டுப் பெரிய நண்டுகளாகப் பார்த்து அள்ளுவார்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து வருகிற நான்கு பெண்களும் விடியப்புறம் பஸ் ஏறினாலும் ஏழே கால், ஏழரைக்குத்தான் மூச்சிரைக்க உள்ளே வருவார்கள். அதற்குள் கூடையில் மிஞ்சுவது சின்ன நண்டு.

அவர்களில் ஒருவர் தங்கமுத்து. வயது நாற்பதுக்குக் கிட்ட, ஆட்களோடு கதைக்கவே கூச்சப்படுகிறவர். அவருடைய கைகளைக் கஜந்தி அன்று முழுக்கப் பார்த்தாள். பிரியதர்சினியின் கைகளைவிட அவை வேகமாக ஓடின. ஆனால் பெரிய நண்டு ஒன்றில் வருகிற சதை, சின்ன நண்டு நாலை உடைத்தால்தான் வரும். ஓட்டுத்துண்டும் அதில்தான் கூட. பலகையில் தங்கமுத்து ஒருநாளும் இருபதாம் இடத்துக்கு மேலே வந்ததில்லை.

தேத்தண்ணி நேரத்தில் கஜந்தி பிரியதர்சினியிடம் போனாள்.

"பெரிய நண்டு முதல் வந்த ஆக்களுக்குப் போறது உமக்குத் தெரியுமோ?"

"ஓம் மிஸ்." அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஆனா நீங்கள் கிலோவுக்குத்தானே கைதட்டினீங்கள். நண்டு எப்பிடி வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

கஜந்தி திரும்பிப் போய், கூடையில் மிஞ்சிக் கிடந்த சின்ன நண்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் இரத்தினசிங்கத்தின் அறைக்குப் போனாள். விரல்களில் நாலு பிளாஸ்டர்.

"ஐயா, பலகையைக் கழட்டப் போறன்."

"அதை மாட்டச் சொன்னது நானில்லையே."

"இல்லை ஐயா. நான்தான் மாட்டினனான். வேகத்தைப் பாத்தனான், வேலையைப் பாக்கேல்லை. எனக்கு ஒரு மாசம் தாங்கோ."

இரத்தினசிங்கம் ஒவ்வொரு மேசைக்கும் மேலே கமெரா பூட்டுகிற யோசனையில் இருந்தார். அதைச் சொன்னார். கஜந்தி தன் கையை மேசையில் விரித்து வைத்தாள்.

"கமெராவில விரல் என்ன தடவுது எண்டு தெரியாது ஐயா. ராத்தாவைக் கமெராவில பாத்திருந்தாலும் சும்மா இருக்கிறா எண்டுதான் நினைச்சிருப்பம்."

அவர் பிளாஸ்டர்களைப் பார்த்தார். "ஒரு மாசம். அதுக்குள்ள இன்னொருக்காச் சாமான் திரும்பி வந்தா, பிறகு கொம்பனியும் இல்லை, நீரும் இல்லை, நானும் இல்லை."

பின்னேரம் கஜந்தி ஸுல்பிகாவுக்குக் கோல் எடுத்தாள். அந்தப் பக்கத்தில் முதல் கேள்வி, "கை எப்பிடி?" என்பது. கஜந்திக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை ஸுல்பிகா வந்தார். விடியக் காலை இடியப்பத்தை மகளிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

அன்று சாப்பாட்டு அறையில் கஜந்தி எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று, தான் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்காமல் கடிதம் கொடுத்தது. நண்டைப் பார்க்காமல் கிலோவைப் பார்த்தது. பலகையைச் சனிக்கிழமையே கழற்றியாகிவிட்டது. "இனி எப்பிடிச் செய்வம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு ஒரு கிழமைப் பழக்கம்தான். உங்களுக்கு வருசக்கணக்கு."

எல்லோரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். கூடையைப் பிரித்துப் பெரியதும் சின்னதும் கலந்து ஒவ்வொரு மேசைக்கும் வைக்கவேண்டும் என்றார்கள். நாலு பேருக்கு ஒரு மேசை, கிண்ணத்தில் நாலு பேரின் பெயரும் என்றார்கள். ராத்தாவுக்குத் தனி மேசை, அவர் பார்க்காமல் ஒரு கிண்ணமும் மூடக்கூடாது என்றார்கள்.

"நான் மட்டும் பார்த்தாக் காணாது," என்றார் ஸுல்பிகா. "எனக்கும் காய்ச்சல் வரும். நாளுக்கு ஒராள் என்னோட இருந்து பழகட்டும்."

பிரியதர்சினிக்கு இது பிடிக்கவில்லை. "அப்ப வேகமாச் செய்யிறவைக்கு என்ன?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. கஜந்திக்கு அப்போது விடை தெரியவில்லை. யோசிப்போம் என்று மட்டும் சொன்னாள். அந்தக் கிழமை முழுக்கப் பிரியதர்சினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்தாள்.

விடை தற்செயலாகக் கிடைத்தது. கூடை பிரிக்கிற வேலையை இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அரை மணித்தியாலம் வீணானது, மேசைகள் காத்துக்கொண்டிருந்தன. பொறுக்கமாட்டாமல் பிரியதர்சினி எழும்பிப் போய்க் கூடையில் கைவிட்டாள். தூக்கிய மாத்திரத்தில் அவளுக்கு நண்டின் பாரம் தெரிந்தது. எது சதை நிறைந்தது, எது ஓடு மட்டும் என்றுகூடச் சொன்னாள். பத்து நிமிடத்தில் எட்டு மேசைக்கும் பிரித்துவிட்டாள்.

"இத்தனை நாளும் இந்தக் கையாலதான் பெரிய நண்டாப் பாத்து எடுத்தனீர், என்ன?" என்றாள் கஜந்தி.

பிரியதர்சினி சிரித்துவிட்டாள். "ஓம் மிஸ்."

அடுத்த நாளிலிருந்து அது அவளுடைய பொறுப்பானது. நண்டு கொண்டுவருகிற வியாபாரிகளோடும் அவளே கதைத்தாள். சதையில்லாத நண்டைத் திருப்பி அனுப்பத் தொடங்கினாள். அவர்கள் முதலில் சண்டை பிடித்தார்கள், பிறகு அவளுக்குப் பயந்து நல்ல நண்டாகக் கொண்டுவந்தார்கள்.

முதல் இரண்டு கிழமை கிண்ணங்கள் குறைந்தன. மூன்றாம் கிழமை கொஞ்சம் ஏறியது. நல்லம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. போட்ட முதல் நாள் அவர் தன்னுடைய பழைய கிண்ணங்களை நினைத்தோ என்னவோ, ஸுல்பிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

மாதம் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது கொழும்பிலிருந்து வாங்குகிற கொம்பனியின் ஆள் நேரிலேயே வந்தார். தான் நினைத்த கிண்ணங்களைக் குளிர் அறையிலிருந்து எடுத்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, விளக்கைக் கிட்டப் பிடித்துச் சோதித்தார். முப்பத்திரண்டு பேரும் தலை நிமிராமல் வேலை செய்வதுபோலப் பாவனை செய்தார்கள். ஒரு கத்தியும் உண்மையில் ஓடவில்லை. இருபது கிண்ணத்தில் ஒரேயொரு துண்டு அகப்பட்டது. அந்த மனிதர் அதைப் பார்த்தார், ஓரமாக வைத்தார், கடதாசியில் ஒப்பம் வைத்தார்.

அவருடைய வான் கேற்றைத் தாண்டிய பிறகுதான் சத்தம் வெடித்தது. ஒரு துண்டு யாருடைய மேசை என்று தேடிப்போய், மூன்றாம் மேசைக்காரர் நாலு பேரையும் மற்றவர்கள் பகிடி பண்ணித் தள்ளினார்கள். இரத்தினசிங்கம் எல்லோருக்கும் கடையிலிருந்து வடையும் தேத்தண்ணியும் எடுப்பித்தார். கமெராவைப் பற்றி அவர் பிறகு கதைக்கவில்லை.

ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கியது. மாரியில் கடல் கொந்தளிக்கும், நண்டு அருகிவிடும். ஒவ்வொரு வருடமும் அந்த மூன்று மாதத்துக்கு அரைவாசிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. இந்த முறை அந்த அரைவாசிப் பேரின் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது கஜந்தியால் ஒரு பெயரும் எழுத முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் தங்கமுத்து ஒஃபீஸ் கதவடியில் வந்து நின்றார். உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு.

"மிஸ், ஒரு கதை."

"வாங்கோ அக்கா, சொல்லுங்கோ."

"மழை பெய்ஞ்சு கடல் முகத்துவாரம் உடைச்சிட்டா எங்கட பக்கம் களப்பு ஏரியில வலையில இறால் படும். கனக்கப் படும். வாங்க ஆளில்லாமச் சும்மா விலைக்குப் போகும். நண்டு இல்லாத காலத்தில நாங்க இறால் உரிச்சா என்ன? மேசை இருக்கு, குளிர் அறை இருக்கு, கை இருக்கு. எங்கட நாலு பேருக்கும் சின்ன வயசில இருந்து தெரிஞ்ச வேலை. மத்தவைக்கு நாங்க காட்டிக் குடுப்பம்."

அவர் இதுவரை ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்துக் கஜந்தி கேட்டதில்லை. அவள் பேனையை மூடி வைத்தாள். கொழும்புக் கொம்பனி இறாலும் வாங்குகிறது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த யோசனை அவளுக்கு வந்ததேயில்லை.

"அக்கா, இதை நீங்களே முதலாளியிட்டச் சொல்லுங்கோ."

"ஐயோ மிஸ், எனக்கு ஏலாது. நீங்கதான் சொல்லவேணும்."

"நான் சொன்னா என்ர யோசினையாப் போயிடும். இறால் எப்ப படும், எப்பிடிக் கொண்டுவாறது எண்டு அவர் கேட்டா எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நான் வாசல்ல நிக்கிறன்."

தங்கமுத்து ஏப்ரனில் கையைத் துடைத்தார். இன்னொருமுறை துடைத்தார். பிறகு நடந்துபோய் இரத்தினசிங்கத்தின் கதவைத் தட்டினார்.

கஜந்தி சொன்னபடி வாசலில் நின்றாள். முதலில் உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு தங்கமுத்துவின் குரல் மெதுவாக வந்தது. இரத்தினசிங்கம் ஏதோ கேட்டார். தங்கமுத்து மறுமொழி சொன்னார், கொஞ்சம் கூடுதல் சத்தமாக. இன்னொரு கேள்வி வந்தது. அதற்கு நீளமான மறுமொழி.

பிறகு ஒரு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

"இருங்க தங்கமுத்து," என்றார் இரத்தினசிங்கம். "இருந்து ஆறுதலாச் சொல்லுங்க."